நங்கூரம் போட்டு மூணு ராத்திரி

மழைக்காலம் வந்துட்டா எனக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "சார், காய்ச்சல் விட்டுருச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரவா?" டெங்கு வார்டுல ரவுண்ட்ஸ் போனா கேப்பாங்க, போன் பண்ணிக் கேப்பாங்க, இங்க இன்பாக்ஸ்லயும் வந்து கேப்பாங்க. "இன்னும் ரெண்டு நாள் இருங்க"ன்னு சொன்னா முகம் மாறும். காய்ச்சல் இருந்த வரைக்கும் காய்ச்சலைப் பாத்துப் பயந்தவங்க, அது போனதும் எங்களைச் சந்தேகமாப் பாப்பாங்க.

அதுக்குப் பதிலா நான் வழக்கமா ஒரு படகுக் கதை சொல்லுவேன். வார்டுல நின்னுக்கிட்டே சொல்றதால எப்பவும் பாதியில நின்னுரும். இங்க முழுசா எழுதிடறேன். இழை நீளம்தான். டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். எங்களுக்குத் தண்ணின்னா முல்லைப் பெரியாறு, வாய்க்கால், கண்மாய். மிஞ்சிப் போனா வைகை அணை. கடல் பாக்கணும்னா ஒண்ணு மலை ஏறி இறங்கி கேரளா போகணும், இல்ல மதுரை தாண்டி ராமேஸ்வரம் போகணும். ஆனா காத்து எங்களுக்குப் புதுசு இல்ல. ஆனி, ஆடியில மேற்கு மலையில இருந்து இறங்கற காத்து வாழைத் தோட்டத்தைப் படுக்க வச்சிரும். தேனி மாவட்டத்துல காத்தாலை சும்மா நடல. சின்ன வயசுல அப்பா கூட வாழைக்கு முட்டுக் குடுக்கப் போவேன். நான் கயிறை இறுக்கிக் கட்டுனா அப்பா அவுத்து, கொஞ்சம் தொய்வா விட்டுக் கட்டுவார். "மரம் ஆடணும்டா. ஆட விடலேன்னா முறிஞ்சுரும்." இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

என்கூட பள்ளிக்கூடத்துல படிச்சவன் ஒருத்தன், சின்னமனூர்க்காரன், கப்பல் வேலைக்குப் போனான். பல வருஷம் சரக்குக் கப்பல்ல இருந்துட்டு, சேத்த காசுல 32 அடி பாய்மரப் படகு ஒண்ணு வாங்கினான். அவங்க வீட்டுல இன்னைக்கும் அதுக்காகத் திட்டு வாங்குறான். 2018 தீபாவளி முடிஞ்ச அடுத்த வாரம் அவன்கிட்ட இருந்து போன். சென்னையில இருந்து கொச்சிக்குப் படகைக் கொண்டு போறான். அந்த மாசத்துல வாடைக்காத்து முதுகுக்குப் பின்னாடி இருந்து தள்ளும், தெக்க இறங்க வசதி. பாம்பன் ரயில் பாலத்தைத் தாண்டி மன்னார் வளைகுடா பக்கம் வந்து நிக்கிறான். "மாப்ள, பாம்பன்ல வந்து ஏறு. கன்னியாகுமரியைச் சுத்தி கொச்சியில இறக்கி விடறேன். அங்க இருந்து குமுளி வழியா வீட்டுக்குப் போயிரு."

மதுரை வழியாப் போய், கடல் வழியாச் சுத்தி, குமுளி வழியா வீட்டுக்கு. யாருக்குத்தான் ஆசை வராது? லீவு போட்டுட்டுக் கிளம்பிட்டேன்.

நவம்பர் 14ஆம் தேதி பாம்பன்ல இறங்கினப்ப எல்லார் வாயிலயும் ஒரே பேரு, கஜா. இலங்கை வச்ச பேரு அது, யானைன்னு அர்த்தம். கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையில கரையைக் கடக்கும்னு வானிலை மையம் சொல்லியிருந்தாங்க. அந்த ரெண்டு ஊருக்கும் நேர்கோடு போட்டாலே 250 கிலோமீட்டருக்கு மேல வரும். வழியில எந்த ஊர்ல யானை இறங்கும்னு யாருக்கும் தெரியாது.

"ஓடிற வேண்டியதுதானடா?"ன்னு கேட்டேன். சிரிச்சான். அந்தப் படகு நல்ல காத்துல மணிக்கு 5 நாட் போகும், அதாவது 9 கிலோமீட்டர். சைக்கிள் அதைவிட வேகம். நடுக்கடல்ல மாட்டிக்கிறதைவிட, மறைப்பு இருக்கற இடத்துல நங்கூரம் போட்டு உக்காந்துக்கறது மேல்னு சொன்னான். புயல் நேரா பாம்பனுக்கே வருதுன்னு தெரிஞ்சா படகை விட்டுட்டுக் கரையேறிடணும்ங்கறதையும் அப்பவே பேசி முடிவு பண்ணிட்டோம். (இதை அழுத்திச் சொல்றேன். அரசாங்கம் வெளியேறச் சொன்னா வெளியேறிடணும். படகு போனா வாங்கிக்கலாம்.)

செய்தியில "1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்"னு கேட்டிருப்பீங்க. எனக்கு அன்னைக்குத்தான் அதோட முழு அர்த்தம் புரிஞ்சது. மொத்தம் 11 எண் உண்டு. 1, 2 ரெண்டும் தூரத்துல ஏதோ உருவாகியிருக்கு, பாத்துக்கோங்கன்னு சொல்லும். 3, 4 வந்தா நம்ம துறைமுகத்துக்கே மோசமான வானிலை வருது. 5, 6, 7 ஆபத்து. 8, 9, 10 பெரிய ஆபத்து. இதுல நுணுக்கம் என்னன்னா, 5க்கும் 6க்கும் வித்தியாசம் வேகத்துல இல்ல. புயல் துறைமுகத்தோட எந்தப் பக்கமாக் கடக்கும்ங்கறதுதான் வித்தியாசம். ஏன்னா அதை வச்சுத்தான் காத்து எந்தத் திசைக்குத் திரும்பும்னு மாலுமிக்குத் தெரியும். 11ன்னா வானிலை மையத்தோட தொடர்பே அறுந்து போச்சுன்னு அர்த்தம். எங்க தொழில்ல இவ்வளவு தெளிவா ஒரு கூண்டு இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு நினைச்சேன்.

குந்துகால் பக்கம், விவேகானந்தர் நினைவு மண்டபத்துக்குத் தள்ளி, மணல் தரை பாத்து நங்கூரம் போட்டிருந்தான். 1897ல சிகாகோ போயிட்டுத் திரும்பின விவேகானந்தர் வந்து இறங்கின கரை அது. அந்தப் பக்கம் பவளப்பாறை அதிகம், அதுல நங்கூரம் விழக்கூடாது. பாறைக்கும் கேடு, நமக்கும் கேடு.

நங்கூரத்தைப் பத்தி நான் நினைச்சிருந்தது ரொம்ப எளிமை. கனமான இரும்பு, அடியில போய் உக்காந்துக்கும், படகு நிக்கும், அவ்வளவுதான்னு. விஷயம் அது இல்லையாம். பிடிமானம் கனத்துல பாதி கூட இல்ல, மீதி எல்லாம் கோணத்துல. சங்கிலி கடல் தரையில படுத்துக்கிடந்து நங்கூரத்தைப் படுக்கை வாட்டுல இழுத்தாத்தான் கொழு மண்ணைக் கிழிக்கிற மாதிரி உள்ள இறங்கும். மேல தூக்கி இழுத்தா பிடுங்கிக்கும். அதனால ஆழத்தைப் போல 5 மடங்கு சங்கிலி விடணும், புயல்னா 7 மடங்கு, முடிஞ்சா அதுக்கும் மேல. எங்களுக்கு ஆழம் 4 மீட்டர், தண்ணிக்கு மேல படகு முனை 1 மீட்டர். ஆக 5. நாங்க விட்டது 45 மீட்டர். சங்கிலியோட மேல் முனையில நீளமா ஒரு நைலான் கயிறு. அலை தூக்கறப்ப அது ரப்பர் மாதிரி இழுபட்டு அடியை வாங்கிக்கும். கயிறு உரசுற இடத்துல பழைய ரப்பர் குழாயை வெட்டிச் சுத்தி வச்சான். அப்பா வாழைக்குக் கட்டுன கயிறு ஞாபகம் வந்துச்சு. இறுக்கிக் கட்டுனது எல்லாம் முறியும்.

15ஆம் தேதி காலையில இருந்து வேலை. பாயை எல்லாம் கழட்டி உள்ள போட்டோம். காத்துப் பிடிக்கிற துணி, தார்ப்பாய் எதுவும் மேல இருக்கக்கூடாது. எஞ்சினை ஒரு தடவை போட்டுப் பாத்து அணைச்சோம். குடிதண்ணி, டார்ச், கத்தி, லைஃப் ஜாக்கெட், கைக்கு எட்டற இடத்துல. நான் சோறு வடிச்சேன். மத்தியானமே எனக்குக் கடல் மயக்கம் ஆரம்பிச்சாச்சு. அவோமின் மாத்திரை கையில இருந்துச்சு. அதைக் கிளம்பறதுக்கு முன்னாடியே போடணும், வாந்தி ஆரம்பிச்சப்புறம் போட்டா மாத்திரையும் சேந்து வெளிய வந்துரும். போட்டா தூக்கம் வேற தள்ளும், ராத்திரிக் காவல் இருக்கறவன் அதைப் போடக்கூடாது. அதனால உப்பு சர்க்கரைத் தண்ணியை மடக்கு மடக்காக் குடிச்சுக்கிட்டு, அடிவானத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். கம்பத்துல இருந்து வந்த டாக்டர் வாந்தி எடுக்கறதைப் பாக்கப் பக்கத்துப் படகுல ஒரு சின்னக் கூட்டமே கூடுச்சு.

அதுல ஒரு பெரியவர், அறுபது அறுபத்தஞ்சு வயசு இருக்கும், வள்ளத்துல எங்க கிட்ட வந்தார். எங்க சங்கிலியைப் பாத்தார், ஒண்ணும் சொல்லல. அப்படின்னா சரியா இருக்குன்னு அர்த்தமாம். அப்புறம் சொன்னார். "தம்பி, புயல் வடக்க கடந்தா முதல்ல வடமேல இருந்து அடிக்கும். அதுக்கு இந்த எடம் மறைப்பு, பயம் இல்ல. அது ஓயும். ஓஞ்சதும் தூங்கிராதீங்க. கச்சான் திரும்பும். அதுதான் நம்மளைக் கரையில தூக்கிப் போடும்."

கச்சான்னா மேற்கு, தென்மேற்குல இருந்து வர்ற காத்து. நம்ம பக்கத்துல புயல் இடஞ்சுழியாச் சுத்தும். நமக்கு வடக்க இருந்து அது கிழக்கு மேற்காக் கடந்து போனா, நமக்கு அடிக்கிற காத்து வடமேற்குல ஆரம்பிச்சு, மேற்காகி, தென்மேற்குக்குத் திரும்பும். குந்துகால்ல வடமேற்குக்கு மண்டபமும் பாம்பன் தீவும் மறைப்பு. தென்மேற்குக்குத் திறந்த கடல். குருசடைத் தீவு கொஞ்சம் மறைக்கும், முழுசா மறைக்காது. எங்களுக்குப் பின்னாடி கரை.

அன்னைக்குச் சாயங்காலம் முழுக்க அங்க 1964 பத்தித்தான் பேச்சு. பாம்பன்ல புயல்னா யாரும் அதை விட்டுட்டுப் பேச மாட்டாங்க. டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில், சிக்னல் கிடைக்காம ஊருக்கு முன்னாடி நின்னுச்சு. கொஞ்ச நேரம் காத்திருந்துட்டு, வர்றது வரட்டும்னு டிரைவர் விசில் ஊதி வண்டியை எடுத்தார், கொஞ்ச தூரத்துல அலை வந்து மொத்த ரயிலையும் மூடிருச்சுன்னு சொல்லுவாங்க. உள்ள இருந்தது நூறு பேருக்கு மேல. அந்த டிரைவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. இருட்டு, மழை, பின்னாடி பெட்டி நிறைய ஆளு, சிக்னல் செத்துப் போச்சு. சும்மா நிக்கறதும் ஒரு முடிவுதான்னு அந்த நேரத்துல யாருக்குத் தோணும்?

ராத்திரி ரெண்டு ரெண்டு மணி நேரமாக் காவலைப் பிரிச்சுக்கிட்டோம். காவல்னா வெறும் முழிச்சிருக்கறது இல்ல. அரை மணிக்கு ஒரு தடவை கைத் திசைகாட்டியில பாம்பன் கலங்கரை விளக்கம் எத்தனை டிகிரியில தெரியுதுன்னு பாக்கணும். கரையில இன்னொரு விளக்கு எத்தனை டிகிரின்னு பாக்கணும். நோட்டுல எழுதணும். மொபைல்ல ஜி.பி.எஸ். அலாரமும் வச்சிருந்தோம். ஆனா அவன் நோட்டைத்தான் நம்பினான். ஒரு அளவு எதையும் சொல்லாது. வரிசையா எட்டு அளவு இருந்தா, படகு சங்கிலி நீளத்துக்கு வட்டமடிச்சு ஆடுதா, இல்ல நங்கூரத்தையே இழுத்துக்கிட்டு நகருதான்னு தெரிஞ்சுரும். ஆடறது சகஜம். நகர்ந்தா ஆபத்து. ஐ.சி.யூ. சார்ட்டேதான். நாடி, பிரஷர், சிறுநீர் அளவு, மணிக்கு மணி.

நடுராத்திரிக்கு முன்னாடி வடமேற்குல இருந்து பிடிச்சுச்சு. எங்க பக்கம் மையம் வரல. அது நூறு கிலோமீட்டருக்கு மேல வடக்க, வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்துக்கிட்டு இருந்துச்சு. அதோட ஓரம்தான் எங்களுக்கு. அந்த ஓரத்துக்கே பாய்மரத்துக் கம்பி எல்லாம் ஊளையிட்டுச்சு. பேசுனா காதுல விழாது, தோளைத் தட்டிக் கையால காட்டணும். கரையில கரண்ட் போச்சு, எங்க ரெண்டாவது விளக்கு காணாமப் போச்சு. கலங்கரை விளக்கம் மட்டும் மழைக்கு நடுவுல வந்து வந்து போச்சு.

மூணு மணிக்கு மேல தணிஞ்சுச்சு. நல்லாவே தணிஞ்சுச்சு. ஊளை நின்னு, தூரத்துல நாய் குரைக்கறது கேட்டுச்சு. பெரியவர் சொன்னது மட்டும் காதுல விழுந்திருக்கலேன்னா அப்படியே சாஞ்சிருப்பேன். உடம்பு கெஞ்சுது. நண்பன் எந்திரிச்சு முன்னாடி போய், இன்னும் 10 மீட்டர் சங்கிலி விட்டான். மழைக்கோட்டைக் கழட்டாமயே படுத்தான். "அரை மணிக்கு ஒரு தடவை வேணாம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாரு." காத்து அடிச்சப்ப அரை மணிக்கு ஒரு தடவை. நின்னப்புறம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. தூக்கக் கலக்கத்துலயும் இது எனக்கு விசித்திரமாப் பட்டுச்சு.

நாலரை மணி வாக்குல முதுகுப் பக்கம் சில்லுன்னு பட்டுச்சு. படகு மெதுவாத் திரும்புச்சு. பதினஞ்சு இருபது நிமிஷத்துல கச்சான் முழு வேகத்துல வந்திருச்சு. இந்தத் தடவை அலையும் சேந்து, ஏன்னா திறந்த கடல். படகு திரும்பினா டிகிரி மாறத்தான் செய்யும், அது கணக்குல உள்ளது. திரும்பி முடிச்சதும் நிக்கணும். நிக்கல. ஒவ்வொரு தடவை பாக்கறப்பவும் ரெண்டு, மூணு டிகிரி தள்ளிப் போச்சு. அவனைத் தட்டி எழுப்பினேன். நோட்டை ஒரு பார்வை பாத்தான், ஒரு வார்த்தை பேசல, எஞ்சினைப் போட்டான். நங்கூரம் வடமேற்கு இழுப்புக்குப் பதிஞ்சது. இழுப்பு திசை மாறுனதும் பிடுங்கிக்கிட்டு, திரும்பப் பதிய இடம் தேடிக்கிட்டு இருந்துச்சு. எஞ்சினை மெதுவா முன்னாடி ஓட்டிச் சங்கிலியோட பாரத்தைக் குறைச்சு, மீதி இருந்த சங்கிலியையும் விட்டான். பின்னாடி கரையில அலை உடையற வெள்ளை தெரிஞ்சுச்சு. எவ்வளவு தூரம்னு இருட்டுல மதிப்புப் போட முடியல, போடவும் ஆசையில்ல. அப்புறம் ஒரு உதறல். படகு முனை காத்துக்கு நேரா நின்னுச்சு. அடுத்த அளவும், அதுக்கு அடுத்த அளவும் ஒரே டிகிரி. அந்த ரெண்டு எண்ணை இன்னைக்குக் கேட்டாலும் சொல்லுவேன்.

விடிஞ்சு சிக்னல் வந்ததும் வீட்டுல இருந்து அம்மா. நான் நல்லா இருக்கேன்னு சொல்றதுக்குள்ள, "இங்க பேய் மழை பெய்யுதுடா"ன்னாங்க. எங்களை விட்டுட்டுப் போன யானை திண்டுக்கல் வழியா எங்க மலைக்குத்தான் வந்திருக்கு. பகல்ல வலுவிழந்து, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி, கேரளா வழியா அரபிக் கடல்ல இறங்கிருச்சு. நான் கடல் வழியாச் சுத்திப் போக நினைச்ச கொச்சிப் பக்கத்துக்கு, அது தரை வழியா ஒரே நாள்ல போய்ச் சேந்திருச்சு.

டெல்டாவுல என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். ஒரே ராத்திரியில தென்னந்தோப்பு எல்லாம் சாஞ்சு, ஒரு தலைமுறை உழைப்பு மண்ணோட போச்சு. புயலோட கண்ணு மேல கடந்து போற ஊர்ல நான் சொன்ன விஷயம் இன்னும் கொடூரமா நடக்கும். காத்து அப்படியே நின்னுரும். வானம் கூடத் தெளியும். புயல் போச்சுன்னு ஜனம் ஓட்டைச் சரி பண்ண, மாட்டைப் பாக்க வெளிய வரும். கொஞ்ச நேரத்துல எதிர்த் திசையில இருந்து அதே வேகத்துல அடிக்கும். ஒரு பக்கம் சாஞ்சு வேர் விட்டுப்போன மரம், மறு பக்கம் இழுத்தா நிக்காது.

நாங்க 16ஆம் தேதியும் கிளம்பல. காத்து நின்னாலும் கடல் உடனே நிக்காது, அலை அடங்கத் தனியா நாள் எடுக்கும். மீனவங்களும் போகல. டோக்கன் குடுத்தாத்தான் போக முடியும். பெரியவர் வலை பின்னிக்கிட்டே கணக்குச் சொன்னார். புயல் அறிவிப்பு வந்த நாள்ல இருந்து எத்தனை நாள் வருமானம் இல்ல, யார்கிட்ட எவ்வளவு கடன்னு. 17ஆம் தேதி எனக்கு லீவு முடிஞ்சது, பஸ் ஏறிட்டேன். ஆக, என் பாய்மரப் படகுப் பயணத்துல நான் ஒரு கிலோமீட்டர் கூடப் பயணம் பண்ணல. மூணு ராத்திரியும் ஒரே இடத்துல.

இப்ப டெங்குவுக்கு வரேன்.

டெங்குல முதல் 3, 4 நாள் அனல் காய்ச்சல், உடம்பு முறிக்கும், கண்ணுக்குப் பின்னாடி வலிக்கும். பயமுறுத்துற கட்டம் இதுதான், ஆனா பெரும்பாலும் உயிரை எடுக்கற கட்டம் இது இல்ல. இது வடமேலக் காத்து. காய்ச்சல் இறங்கற நேரத்துல, பொதுவா 3ஆம் நாள்ல இருந்து 7ஆம் நாளுக்குள்ள, சில பேருக்கு ரத்தக்குழாய்ச் சுவர் கசிய ஆரம்பிக்கும். ரத்தத்துல உள்ள நீர் குழாய்க்கு வெளிய, வயித்துக்குள்ள, நெஞ்சுக்குள்ள கசியும். உள்ள ரத்தம் கெட்டியாகும், பிரஷர் இறங்கும். இந்தக் கட்டம் 24ல இருந்து 48 மணி நேரம். ஆள் பாக்கறதுக்கு நல்லா இருக்கற மாதிரியே இருப்பாங்க. காய்ச்சல் இல்ல, முழிச்சு உக்காந்து பேசுவாங்க.

அதனாலதான் காய்ச்சல் விட்டதும் நாங்க பரிசோதனையைக் குறைக்காம கூட்டறோம். எல்லாரும் கேக்கறது தட்டணுக்கள் எண்ணிக்கையை மட்டும். "பிளேட்லெட் எவ்வளவு சார்?" அது ஒரு விளக்கு. பி.சி.வி.ன்னு இன்னொண்ணு இருக்கு, ரத்தம் எவ்வளவு கெட்டியாகுதுன்னு சொல்றது. தட்டணு இறங்க இறங்க பி.சி.வி. ஏறுனா, நங்கூரம் நகருதுன்னு அர்த்தம். மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் உள்ள இடைவெளி 20க்குக் குறைஞ்சாலும் அப்படித்தான். ஒரு ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்பி "இது ஓகேவா சார்?"னு கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லத் தயங்கறது இதனாலதான். ஒரு அளவை வச்சு எனக்குப் படகு ஆடுதா நகருதான்னு தெரியாது.

வீட்டுல இருக்கறவங்க பாக்க வேண்டியது: விடாத வயித்து வலி, அடிக்கடி வாந்தி, ஈறுல மூக்குல ரத்தம், கறுப்பா மலம், கை கால் சில்லுன்னு ஆகறது, ரொம்பச் சோர்வு இல்ல காரணமில்லாத படபடப்பு, 6 மணி நேரமா சிறுநீர் போகாம இருக்கறது. இதுல ஒண்ணு இருந்தாலும் ராத்திரின்னு பாக்காதீங்க, கிளம்பி வாங்க. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். புரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் வேணாம், வலி ஊசியும் கேக்காதீங்க. கஞ்சி, இளநி, உப்பு சர்க்கரைக் கரைசல், கொஞ்சம் கொஞ்சமா நிறைய.

இந்தக் கதையை நான் பாதிக்கும் மேல சொல்லி முடிச்சது ஒரே ஒரு தடவைதான். (அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரத்தை மாத்தியிருக்கேன்.) பதினோரு வயசுப் பையன், காய்ச்சல் 5ஆம் நாள், அன்னைக்குக் காலையில காய்ச்சல் இல்ல. அம்மா ஏலத்தோட்ட வேலைக்குப் போறவங்க. விடிகாலையில ஜீப் ஏறி, கம்பம் மெட்டு வழியா இடுக்கிப் பக்கம் போய்ட்டு, சாயங்காலம் திரும்பறவங்க. "காய்ச்சல் விட்டுருச்சுல்ல சார், எதுக்கு இன்னும் படுக்க வச்சிருக்கீங்க? நாலு நாள் கூலி போச்சு. இன்னைக்கும் போகலேன்னா ஜீப்புல என் எடத்துக்கு வேற ஆளைப் போட்டுருவாங்க."

கதையைச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "படகுல இருந்தவங்களுக்குச் சோறு இருந்துச்சுல்ல சார்"னு கேட்டாங்க.

இருந்துச்சு. நான்தான் வடிச்சேன். லீவும் சம்பளத்தோட கூடின லீவு. காத்திருக்கச் சொல்றது எனக்கு ஒரு வாக்கியம், அவங்களுக்கு அது நாலு நாள் கூலி. டிஸ்சார்ஜ் கேக்கறவங்களை "புரிஞ்சுக்க மாட்டேங்கறாங்க"ன்னு எங்க ஆட்கள் சலிச்சுக்கறப்ப எனக்குக் கோவம் வரும். முக்கால்வாசிப் பேருக்கு நல்லாவே புரியுது. கையில காசு இல்ல, அவ்வளவுதான். கடைசியில அப்பத்தாவை வரச் சொல்லி, பையன் பக்கத்துல உக்கார வச்சு, அந்தம்மாவை மறுநாள் வேலைக்குப் போகச் சொல்றதுன்னு பேசி முடிச்சோம். அவங்க போகல. சாயங்காலம் 4 மணிக்குப் பையனோட பிரஷர் 100/84. கை சில்லுன்னு இருந்துச்சு. காலையில 37 இருந்த பி.சி.வி. 45. அவன் கட்டில்ல உக்காந்து அப்பத்தாகிட்ட செல்போன் கேட்டு அடம் பிடிச்சுக்கிட்டு இருந்தான்.

எடை பாத்து சலைன் போட்டோம். மணிக்கு மணி பாத்தோம். அளவு முக்கியம், கம்மியாப் போட்டாலும் ஆபத்து, கூடப் போட்டா கசிஞ்ச நீர் திரும்ப ரத்தத்துக்குள்ள வர்றப்ப நுரையீரல் திணறும். தட்டணு ஏத்தல, ரத்தக்கசிவு இல்லாததால தேவைப்படல. நர்ஸ் தங்கச்சி ஒருத்தங்க ராத்திரி முழுக்க சார்ட் எழுதுனாங்க. அந்தம்மா அந்தச் சார்ட்டையே பாத்துக்கிட்டு, ஒவ்வொரு தடவையும் "ஏறியிருக்கா, இறங்கியிருக்கா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஒண்ணரை நாள் கழிச்சு பி.சி.வி. 39க்கு வந்து அங்கயே நின்னுச்சு. சிறுநீர் தாராளமாப் போச்சு. உள்ளங்கை அரிக்குதுன்னு சொன்னான், குணமாகறப்ப சில பேருக்கு அப்படி வரும். இட்லி கேட்டான்.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு அந்தம்மா நன்றி எல்லாம் சொல்லல. தோட்டத்துக் கங்காணிகிட்டக் காட்டணும், எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் ஆஸ்பத்திரியில இருந்தேன்னு லெட்டர் வேணும்னு கேட்டாங்க. எழுதி, சீல் வச்சுக் குடுத்தேன்.